விவாகரத்தும் வீட்டு வேல்யுவேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கட்டடப் பொறியாளர். நிலம், கட்டடம் இரண்டுக்கும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர். என் வேலையில் பெரும்பகுதி வங்கிக் கடனுக்கான மதிப்பீடு. அதில் பேச்சே இருக்காது. அளந்தோமா, படம் எடுத்தோமா, அறிக்கை கொடுத்தோமா என்று முடிந்துவிடும். விவாகரத்து நடந்துகொண்டிருக்கும் வீடுகளில் அப்படி இல்லை. டேப்பை விரிப்பதற்கு முன்பே கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. சட்டம் பற்றிய பதில்கள், வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து வேலை செய்ததில் தெரிந்துகொண்ட அளவுக்கு. உங்கள் வழக்குக்கு உங்கள் வழக்கறிஞர் சொல்வதுதான் கணக்கு.

1. டைவர்ஸ்னாலே வீட்டை வேல்யூ பண்ணியே ஆகணுமா?

இல்லை. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. வீட்டை வெளியாளுக்கு விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டால், சந்தையே விலையைச் சொல்லிவிடும். அப்போதும் "இதற்குக் கீழே கொடுப்பதில்லை" என்று ஓர் அடிமட்ட விலை வைத்துக்கொள்ள மதிப்பீடு உதவும், அவ்வளவுதான்.

தேவைப்படும் இடங்கள் வேறு. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுக்கும்போது. ஒட்டுமொத்த ஜீவனாம்சத்துக்குப் பதிலாக வீட்டையே எழுதிக்கொடுக்கும்போது. பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது. ஜீவனாம்ச வழக்கில் சொத்து விவரம் தாக்கல் செய்யும்போது.

2. எப்படியும் வீட்டு மதிப்புல பாதி மனைவிக்கு வந்துடும்ல?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சினிமாவும் வெளிநாட்டுச் செய்திகளும் செய்த வேலை. கல்யாணம் ஆனதாலேயே சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும் என்ற சட்டம் இந்தியாவில் கோவா, டாமன்–டையூ பகுதிகளில்தான் இருக்கிறது. அது போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின் மிச்சம். மற்ற இடங்களில் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ வீடு அவருடையது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் சட்டமாகவே ஆகவில்லை.

அதற்காக வீடு கணவர் பேரில் இருந்தால் மதிப்பீட்டுக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி நிரந்தர ஜீவனாம்சம் முடிவு செய்யும்போது, கொடுப்பவரின் வருமானத்தோடு சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுக்க வேண்டும். 90 லட்சம் பெறும் வீட்டை 30 லட்சம் என்று அதில் எழுதியவரிடம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுவது வேல்யுவேஷன் ரிப்போர்ட்டைத்தான்.

3. வீடு ஜாயின்ட்டா இருக்கு, ஆனா இஎம்ஐ முழுசும் என் அக்கவுன்ட்லதான் போச்சு. அப்பவும் பாதிப் பாதியா?

கிரயப் பத்திரத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருந்தால் முதலில் பேசுவது அதுதான். எழுதாமல் விட்டிருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு வருகிறது: போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு, யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சமபங்கு. ஆகவே உங்கள் வங்கிக் கணக்கு விவரங்கள் பேசும். அதே நேரம், மனைவி நகையை விற்று முன்பணம் கட்டியிருந்தால் அந்த நகைக்கடை ரசீதும், அடகு வைத்த சீட்டும் அதே குரலில் பேசும். "நான் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டேன், அதனால்தான் அவர் சம்பளம் முழுக்க இஎம்ஐக்குப் போனது" என்ற வாதமும் வரும். அதை எடைபோடுவது நீதிமன்றம். மதிப்பீட்டாளரின் வேலை அல்ல.

வீடு மனைவி பேரில் மட்டும், பணம் கணவருடையது என்றால் இன்னும் சிக்கல். பினாமி தடைச் சட்டம், கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி பேரில் வாங்கியதைப் பினாமி என்று பார்ப்பதில்லை. ஆனால் அதை வைத்து வீடு தானாகக் கணவருக்குத் திரும்பிவிடாது. எனக்காகத்தான் வாங்கினேன், அவளுக்கென்று கொடுக்கவில்லை என்பதைக் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

4. தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், அவர் எழுதிக் கொடுத்தாப் போதாதா?

உங்களுக்குள் பேசித் தீர்க்க மட்டும் என்றால் யார் எழுதினாலும் சரி. நீதிமன்றத்துக்கோ வருமான வரிக்கோ போகும் என்றால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைப் பாருங்கள். இரண்டு வகைப் பதிவு உண்டு. ஒன்று, 1957-ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டத்தின் கீழ் வருமான வரித் துறையில் பதிவு செய்தவர்கள். அந்த வரியே ஒழிந்துபோனாலும் இந்தப் பதிவு வழக்கத்தில் இருக்கிறது. மற்றொன்று, கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி ஐபிபிஐ எனும் இந்திய நொடிப்பு, திவால் வாரியத்தில் பதிவு செய்தவர்கள்; அவர்களில் நிலம்–கட்டடம் என்ற பிரிவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரங்களை மதிப்பிடுபவர், பங்குகளை மதிப்பிடுபவர் என்று தனித்தனியாக இருக்கிறார்கள்.

வங்கியின் பட்டியலில் இருப்பவர் என்பது கூடுதல் நம்பிக்கை, அவ்வளவுதான். புரோக்கர் சொல்லும் விலையை நான் மட்டமாக நினைப்பதில்லை. தெருவின் உண்மையான நிலவரம் அவருக்குத்தான் தெரியும், நாங்களும் அவரிடம் விசாரிப்போம். ஆனால் அவர் கூண்டில் ஏறி வந்து சொல்ல மாட்டார்.

5. கைடுலைன் வேல்யூ ஆன்லைன்லயே இருக்கே. அதை வச்சு முடிச்சுடலாமே, எதுக்கு வெட்டிச் செலவு?

வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுத்துறை முத்திரைத் தீர்வை வசூலிக்க வைத்திருக்கும் அளவுகோல். தெருவுக்கு, அல்லது சர்வே எண்ணுக்கு ஒரு மதிப்பு. அதே தெருவில் மெயின் ரோட்டை ஒட்டிய மனைக்கும், முட்டுச்சந்தில் இருக்கும் மனைக்கும் ஒரே எண்தான் வரும். 2017 ஜூன் மாதம் ஒரே உத்தரவில் மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். அன்றைக்கு யார் வீட்டின் உண்மையான விலையும் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடவில்லை. 2024 ஜூலையில் மறுபடி மாற்றினார்கள்.

பல இடங்களில் சந்தை விலை இதைவிட வெகு மேலே இருக்கும். சில இடங்களில், குறிப்பாகப் பேருந்து நிலையம் வேறு ஊர்ப்பக்கம் மாறிப்போன பழைய கடைத்தெருக்களில், கீழேயும் இருக்கும். வீட்டை விட்டுக்கொடுப்பவர் கைடுலைனுக்கு ஒத்துக்கொண்டால் அநேகமாக அவருக்குத்தான் நஷ்டம். "கைடுலைன்படி பிரிச்சுக்கலாம்" என்று முந்திக்கொண்டு சொல்பவர், பெரும்பாலும் வீட்டைத் தானே வைத்துக்கொள்ளப் போகிறவராக இருப்பார். ஆனாலும் இந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பதிவுச் செலவிலும் வரியிலும் இது திரும்ப வரும் (கேள்வி 18, 19).

6. வீட்டுக்கு வந்து அப்படி என்னதான் பார்ப்பீங்க?

தனி வீடு என்றால் முதலில் மண். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையும் தரையில் உள்ள நான்கு எல்லையும் ஒத்துப்போகிறதா, மனை எத்தனை சென்ட், முகப்பு எத்தனை அடி, பாதை எவ்வளவு அகலம், எந்தத் திசை பார்த்தது. தெற்கு பார்த்த வாசலுக்கு விலை குறைவது மூடநம்பிக்கையாக இருக்கலாம். வாங்குகிறவன் குறைத்துக் கேட்கிறான் என்றால் அது சந்தை நிலவரம், நான் எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு கட்டடம்: எந்த ஆண்டு கட்டியது, தூண் வைத்ததா சுவர் தாங்குவதா, விரிசல், ஒழுகல், தண்ணீர் வசதி, பாதாளச் சாக்கடை இணைப்பு. அளப்போம், படம் எடுப்போம். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று விசாரிப்பது. அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அடுக்குமாடி வீட்டில் நிறையப் பேர் கவனிக்காதது யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் தேயும். மண்ணின் மதிப்பு பெரும்பாலும் ஏறும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. 1,000 சதுர அடி ஃபிளாட், வயது 30, யுடிஎஸ் 600 சதுர அடி. மண் சதுர அடி 7,000 என்றால் 42 லட்சம். இன்று அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 22 லட்சம். ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால், 30 வருடத்தில் 45 சதவீதம் தேய்ந்திருக்கும். மிச்சம் 12.1 லட்சம். ஆக மொத்தம் 54.1 லட்சம்.

இதே ஃபிளாட்டை, சமீபத்தில் விற்ற பக்கத்து ஃபிளாட்டுகளோடு ஒப்பிட்டால் 60 லட்சம் வரலாம். வாடகையை வைத்துக் கணக்கிட்டால் இரண்டுக்கும் கீழே வரும். நம் ஊரில் வாடகை வருமானம் விலைக்கு ஈடாக இருப்பதில்லை. மூன்று வழியில் எதை, ஏன் எடுத்தோம் என்பதை எழுதாத ரிப்போர்ட் எத்தனை பக்கம் இருந்தாலும் நம்ப வேண்டாம்.

7. ஒரிஜினல் பத்திரம் எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. நான் என்ன பண்றது?

ஒரிஜினல் தேவையில்லை. பதிவான கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் மனுப்போட்டு வாங்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். பட்டா, புல வரைபடம் இரண்டும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண் இருந்தால் நல்லது. வரைபட அனுமதியின் நகல் மட்டும்தான் கொஞ்சம் அலைய வைக்கும். மாநகராட்சி, உள்ளூர்த் திட்டக் குழுமம், பஞ்சாயத்து என்று எந்த அலுவலகம் அனுமதி கொடுத்ததோ அங்கே கேட்க வேண்டும். லோன் இருந்தால் வங்கியிலும் ஒரு நகல் இருக்கும். நீங்கள் இணைக் கடன்தாரர் என்றால் கேட்டு வாங்கலாம்.

8. பக்கத்து வீடு ஒரு கோடிக்குப் போச்சு. நீங்க மட்டும் ஏன் எழுபதுன்னு போட்டிருக்கீங்க?

அந்த ஒரு கோடியை யார் சொன்னது என்று நான் திருப்பிக் கேட்பேன். விற்றவர் சொன்னால் கூட்டிச் சொல்லியிருப்பார், வாங்கியவர் சொன்னால் குறைத்து. வில்லங்கச் சான்றைப் பார்த்தால் 58 லட்சம் என்று பதிவாகியிருக்கும், ஏனென்றால் மிச்சம் ரொக்கமாகக் கை மாறியிருக்கும். எங்கள் தொழிலின் பெரிய தலைவலி இது. பதிவான விலையை மட்டும் எடுத்தால் மதிப்பு பொய்யாகக் குறையும். வாய்வார்த்தையை மட்டும் எடுத்தால் நீதிமன்றத்தில் ஆதாரம் கேட்பார்கள். பதிவான விலை, புரோக்கர்கள் சொல்வது, விற்பனைக்கு விளம்பரம் செய்திருக்கும் விலையில் பேரம் போக எவ்வளவு என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் ஓர் எண்ணுக்கு வருகிறோம்.

அது போக, பக்கத்து வீடு வடக்கு பார்த்த 4 சென்ட் மனையில் இருந்து உங்களுடையது 3 சென்ட்டாக இருந்தால், இரண்டும் "பக்கத்து வீடு"தான், ஒரே விலை அல்ல.

9. இன்டீரியருக்கே பன்னெண்டு லட்சம் போட்டேன். அதைச் சேர்ப்பீங்களா?

போட்ட காசு அப்படியே மதிப்பாகாது. சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரி, வார்ட்ரோப், கிரானைட், மாடியில் சோலார் இவற்றுக்குத் தேய்மானம் போக ஒரு தொகை சேரும். சோஃபா, ஃபிரிட்ஜ், கழற்றி எடுத்துப்போகக்கூடிய ஏசி சேராது. அவை தனிப் பேச்சு. பூஜை அறைக் கதவில் தேக்கு வேலைப்பாடு செய்தவருக்கு அது வாழ்நாள் ஆசை. வாங்க வருகிறவருக்கு அது ஒரு கதவு.

10. லோன் இன்னும் 26 லட்சம் பாக்கி இருக்கு. ரிப்போர்ட்லயே அதைக் கழிச்சுடுவீங்களா?

மாட்டோம். கடன் இல்லாத வீடாகவே நினைத்துத்தான் மதிப்பிடுவோம். கழிப்பது உங்கள் உடன்பாட்டில் வர வேண்டியது. மதிப்பு 72 லட்சம், பாக்கி 26 லட்சம் என்றால் நிகரம் 46 லட்சம். சமபங்கு என்றால் ஆளுக்கு 23 லட்சம். மனைவி வீட்டை வைத்துக்கொண்டால் அவர் கணவருக்கு 23 லட்சம் கொடுத்து, 26 லட்சக் கடனையும் தானே ஏற்க வேண்டும். பாக்கித் தொகையை உங்கள் மனக்கணக்கில் எடுக்காமல், குறிப்பிட்ட தேதிக்கு வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கைவிட முக்கியமான ஒன்று: தீர்ப்பில் "கடனை மனைவி கட்டுவார்" என்று இருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பேர் அங்கேயேதான் இருக்கும். வங்கி அவரை எழுத்துபூர்வமாக விடுவிக்க வேண்டும், அல்லது வீட்டை வைத்துக்கொள்பவர் தன் பேரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். வங்கிகளில் தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. புதுக் கடன் தரும் வங்கி அவர்களுடைய மதிப்பீட்டாளரை அனுப்பும். அந்த எண் உங்கள் ரிப்போர்ட்டைவிடக் குறைவாக வந்தால் பதற வேண்டாம், கடன் கொடுப்பவர் எச்சரிக்கையாகத்தான் பார்ப்பார்.

11. எந்தத் தேதி விலையை எடுக்கணும்? நாங்க பிரிஞ்சு அஞ்சு வருஷமாச்சே.

இந்தத் தேதிதான் என்று விவாகரத்துச் சட்டத்தில் எங்கும் இல்லை. பேசி முடிப்பவர்கள் பெரும்பாலும் உடன்பாடு கையெழுத்தாகும் மாதத்தின் விலையை எடுக்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. வீடு இன்றைக்குக் கை மாறுகிறது, இன்றைய விலை. பிரிந்த பிறகு ஒருவரே கட்டிய தவணையையும் வரியையும் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதிக்கும் மதிப்பிட்டுத் தர முடியும். அந்தக் காலத்து விற்பனைகளைத் தோண்ட வேண்டும், அவ்வளவுதான். எங்களிடம் வருவதற்கு முன் தேதியை முடிவு செய்துகொண்டு வாருங்கள். இரண்டு தரப்பும் இரண்டு தேதியில் ரிப்போர்ட் வாங்கிவிட்டுச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

12. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்: எந்தச் சொத்து, எந்தத் தேதி மதிப்பு, கட்டணம் யார் எவ்வளவு, ரிப்போர்ட் இருவருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும், தனியாக யாரும் போன் செய்து பேசக்கூடாது. வரும் எண்ணை ஏற்கிறோமா, அல்லது பேச்சுக்கு ஆரம்பமாக மட்டும் வைக்கிறோமா என்பதையும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். எண் வந்த பிறகு எழுதினால் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார்.

13. அவங்க ரிப்போர்ட் 95 லட்சம், என் ரிப்போர்ட் 68 லட்சம். கோர்ட் நடுவுல ஒண்ணைப் போட்டுடுமா?

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சமரச மையத்தில் பல வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன என்பது வேறு விஷயம். முதலில் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரப்பளவு ஒன்றா? ஒருவர் உள்ளளவும் மற்றவர் பொது இடங்களைச் சேர்த்த விற்பனை அளவும் எடுத்திருக்கலாம். அதிலேயே கால்வாசி வித்தியாசம் வரும். தேதி ஒன்றா? ஒன்றில் நியாயச் சந்தை மதிப்பும் மற்றதில் அவசர விற்பனை மதிப்பும் எடுத்திருக்கிறார்களா? வங்கிக்குப் போடும் ரிப்போர்ட்டில் மூன்று மதிப்பு இருக்கும். தனக்குச் சாதகமானதை மட்டும் காட்டுவது பழைய வித்தை.

அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன் கீழ் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். சொத்தின் சந்தை மதிப்பைக் கண்டறிவது என்பது அந்த விதியிலேயே சொல்லப்பட்ட காரணம். வழக்கறிஞர் ஆணையர் ஒரு மதிப்பீட்டாளரோடு வந்து பார்ப்பார். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வழக்கமான சாட்சியச் சட்டக் கறார் இல்லாமல் அறிக்கைகளை ஏற்க நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பு மறுத்தால் மதிப்பீட்டாளர் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். "நீங்கள் அந்த வீட்டுக்குள் போனீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

14. சார், கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர முடியுமா? ஃபீஸ் பார்த்துக்கலாம்.

முடியாது. ஐபிபிஐ நடத்தை விதிகளில், கேட்பவருக்கு வசதியாக மதிப்புப் போடுவதும், முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதும் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. பதிவு போகும். போட்டுத் தருபவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் முன் கேள்வியில் சொன்ன கூண்டில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை வேலை தொடங்குமுன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்குச் சாட்சியாக வர வேண்டியிருந்தால் அதற்குத் தனியா என்பதையும்.

15. அவர் வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்கிறார். அப்ப எப்படி வேல்யூ பண்றது?

பூட்டை உடைத்துப் போகும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. உங்களுக்காகச் சுவர் ஏறிக் குதிக்கவும் மாட்டோம். வெளியிலிருந்து பார்த்து, பத்திரம், வரைபடம், சொத்து வரிப் பதிவை வைத்து ஒரு மதிப்பீடு தரலாம். "உள்ளே பார்க்க அனுமதிக்கப்படவில்லை" என்று தெளிவாக எழுதித்தான் தருவோம். அடுக்குமாடியில் இது ஓரளவு நம்பகமாகவே வரும், கீழ்வீடும் மேல்வீடும் ஒரே அமைப்பு என்பதால். தனி வீட்டில் பிழை பெரிதாகும். மறுப்பு தொடர்ந்தால் கேள்வி 13-இல் சொன்ன ஆணையர்தான் வழி.

16. மேல் மாடி அப்ரூவல் இல்லாம கட்டினது. அதுக்கு மதிப்பு உண்டா இல்லையா?

உண்டு, முழுசாக இல்லை. வங்கிக்குப் போடும்போது அனுமதி இல்லாத பரப்பை விட்டுவிடுவார்கள். சந்தையில் வாங்குபவர் அதற்கும் காசு கொடுக்கிறார், ஆனால் குறைத்துக் கொடுக்கிறார். விவாகரத்துக்கான ரிப்போர்ட்டில் நான் இரண்டையும் தனி வரிகளாகக் காட்டுவேன்: அனுமதி பெற்ற பகுதி இவ்வளவு, பெறாதது இவ்வளவு, இடிக்கும் அபாயம் இன்னது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வீடு இருந்தால், 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் மனையை வரன்முறை செய்தார்களா என்று பாருங்கள். செய்யாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். கடன் கிடைக்காத வீட்டுக்கு வாங்குபவர்கள் குறைவு, விலையும் அதற்கேற்ப.

17. நாங்க இருந்தது மாமனார் வீடு. அதையும் வேல்யூ பண்ணச் சொல்லலாமா?

சொல்லலாம், பயன் இருக்காது. மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் அவர் இருக்கும்வரை மகனுக்கே பங்கில்லை; மருமகளுக்கு எங்கிருந்து வரும்? குடும்ப வன்முறைச் சட்டம் கொடுப்பது குடியிருக்கும் உரிமை. கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் சொன்னது. குடியிருக்கும் உரிமை வேறு, விலையில் பங்கு வேறு. பூர்வீகச் சொத்தாக இருந்து கணவருக்கு அதில் பங்கு இருந்தால், அந்தப் பங்கின் மதிப்பு கேள்வி 2-இல் சொன்ன பிரமாணப் பத்திரத்தில் வர வேண்டும்.

மாமனார் மனையில் மகனும் மருமகளும் கடன் வாங்கி மாடி கட்டியிருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். மண் அவருடையது, கட்டடத்தின் காசு இவர்களுடையது. மாடிக்கான கட்டுமானச் செலவைத் தேய்மானம் போகத் தனியாக மதிப்பிட்டுத் தரலாம். அதை யாரிடம், எந்த வழக்கில் கேட்பது என்பதற்கு நல்ல சிவில் வழக்கறிஞர் வேண்டும்.

18. எழுதிக் கொடுக்கிறதை டைவர்ஸ் ஆன பிறகு நிதானமாப் பண்ணிக்கலாமா?

இங்கேதான் பலர் லட்சக்கணக்கில் விடுகிறார்கள். கணவன்–மனைவியாக இருக்கும்வரை நீங்கள் பதிவுத்துறைக்கு "குடும்பம்". குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் அல்லது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் மாற்றிய கணக்கு. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் குடும்பம் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம் என்ற கணக்குக்குப் போய்விடும், உச்சவரம்பும் கிடையாது. 36 லட்சப் பங்குக்கு 7 சதவீதம் என்றால் 2,52,000 ரூபாய்.

முன்னாலேயே பதிவு செய்துவிட்டு, இரண்டாவது மனுவின்போது எதிராளி சம்மதத்தைத் திரும்பப் பெற்றால்? அந்தப் பயமும் நியாயமானதே. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு முறை மனுப்போட வேண்டும்; தீர்ப்புக்கு முன் யாரும் பின்வாங்கலாம். அதனால்தான் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையில், பணம் வங்கி வரைவோலையாகக் கைமாறும் அதே நாளில் பத்திரத்தைப் பதிவு செய்யும்படி வழக்கறிஞர்கள் உடன்பாட்டில் எழுதுகிறார்கள். சமரசத் தீர்ப்பையே வைத்து உரிமையை மாற்றும் வழியும் உண்டு. அது உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்பதைப் பத்திர எழுத்தரிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வீடு அடமானத்தில் இருந்தால் எந்த வழியானாலும் வங்கியின் தடையின்மைக் கடிதம் முதலில்.

19. என் பங்குக்குப் பணம் வாங்கினா டாக்ஸ் கட்டணுமா?

பங்கை விலைக்குக் கொடுத்தால் அது விற்பனை. லாபத்துக்கு வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்து நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகவும் இருந்தால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் குறைவாக வந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய தொகை வழிகாட்டி மதிப்பைவிட ரொம்பக் குறைவாக, அதாவது 10 சதவீதச் சலுகையையும் தாண்டி, இருந்தால் வழிகாட்டி மதிப்பையே விலையாக எடுப்பார்கள். கேள்வி 14-இல் குறைத்துக் கேட்டவர்களுக்கு இதையும் சொல்லி அனுப்புவேன். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடு என்றால், அந்த 2001 ஏப்ரல் 1 மதிப்பையும் அதே ரிப்போர்ட்டில் சேர்த்துக் கேளுங்கள்; ஆடிட்டர் பிறகு அதற்காக உங்களை அலையவிடுவார்.

ஜீவனாம்சம் எவ்வளவு, வீட்டுப் பங்குக்கான விலை எவ்வளவு என்று உடன்பாட்டில் பிரித்து எழுதாமல், "மொத்தமாக இவ்வளவு" என்று எழுதிவிட்டுப் போவதால்தான் பின்னால் வரி நோட்டீஸ் வரும்போது விளக்கம் கொடுக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

20. ரெண்டு பேருக்குமே அதே வீடுதான் வேணும். விட்டுக்கொடுக்க முடியாது. அப்ப?

ஃபிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பது 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்துக்கே தெரியும். பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர், பிரிப்பதைவிட விற்பதே நல்லது என்று கேட்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். அப்படி ஒருவர் கேட்டவுடன், மற்றவர் "அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று முன்வரலாம். அப்போது நீதிமன்றமே மதிப்பீட்டுக்கு உத்தரவிடும். ஆகவே விற்கச் சொல்லி முதலில் மனுப்போடுபவர், வீட்டை எதிராளி கையில் கொடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வழி சொல்கிறேன், சில தம்பதிகளுக்கு வேலை செய்திருக்கிறது. மதிப்பீட்டு எண்ணை அடிமட்டமாக வைத்து, இருவரும் தங்களால் அதிகபட்சம் எவ்வளவுக்கு வாங்க முடியும் என்று மூடிய உறையில் எழுதி சமரசரிடம் கொடுப்பது. கூடுதலாக எழுதியவருக்கு வீடு. அவர் எழுதிய விலையில் மற்றவருக்குப் பாதி. பிடிவாதத்துக்கு விலை போட வேண்டி வரும்போது பலருக்கு வீட்டின் மேலுள்ள ஆசை கொஞ்சம் தணிகிறது.

21. நான் துபாய்ல இருக்கேன். வேல்யுவேஷனுக்கு நேர்ல வரணுமா?

வேண்டாம். வீட்டைத் திறந்துவிட ஓர் ஆள், உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போதும். அளக்கும்போது வீடியோ அழைப்பில் பார்த்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவுக்குத்தான் பவர் வேண்டும். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. எதிர்த்தரப்பு உறவினருக்குப் பவர் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன். சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

22. ஒரு தடவை வாங்கின ரிப்போர்ட் எத்தனை நாளைக்குச் செல்லும்?

செல்லுபடிக் காலம் என்று சட்டத்தில் இல்லை. நடைமுறையில் ஆறு மாதம் வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. மெட்ரோ பாதை, புறவழிச்சாலை, பெரிய மருத்துவமனை என்று பக்கத்தில் ஏதாவது அறிவிப்பு வந்தால் அதற்கு முன்பே பழசாகிவிடும். வழக்கு இழுத்தால் புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை. அதே மதிப்பீட்டாளரிடம் அளவுகள் எல்லாம் கோப்பில் இருக்கும், மறுபடி ஒருமுறை பார்த்து விலையை மட்டும் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். கட்டணமும் குறைத்து வாங்குவது வழக்கம். இடையில் யாராவது சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கியிருந்தால் மட்டும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.